காலேஜ் ஃபுட்பாலில் அணி மாறுவது: யார் போகலாம், யார் உடனே ஆடலாம்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒவ்வோர் ஆண்டும் தலைசிறந்த வீரருக்குத் தரப்படும் பரிசு ஹைஸ்மன் கோப்பை. 2017 முதல் 2025 வரை அதை வாங்கிய ஒன்பது பேரில் ஏழு பேர், முதலில் சேர்ந்த கல்லூரியை விட்டு வேறு கல்லூரிக்குப் போனவர்கள். பேக்கர் மேஃபீல்ட், கைலர் மர்ரி, ஜோ பர்ரோ, கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், டிராவிஸ் ஹன்டர், ஃபெர்னாண்டோ மெண்டோசா என்று வரிசையாகச் சொல்லலாம். ஆனால் இந்த ஏழு பேரும் ஒரே விதியின்கீழ் மாறவில்லை. மேஃபீல்டும் மர்ரியும் புதுக் கல்லூரிக்கு வந்த பிறகு ஒரு சீசன் முழுக்க ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். பர்ரோ பட்டம் வாங்கிக்கொண்டு மாறியதால் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வில்லியம்ஸும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வந்த கையோடு ஆடினார்கள். சில ஆண்டுகளுக்குள் விதி அந்த அளவுக்குப் புரண்டுவிட்டது.

செய்திகளில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்', 'எலிஜிபிலிட்டி' (ஆடும் தகுதி), 'ரெட்ஷர்ட்' என்று சரளமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். புதிதாக இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இது தலை சுற்றும் விஷயம். அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போய், சனிக்கிழமையானால் ஊரே ஸ்டேடியத்துக்குத் திரள்வதைப் பார்த்து வியக்கும் நம் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அவர்களை மனதில் வைத்து, அடியிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இங்கே ஃபுட்பால் என்றால் நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், தோள்கவசம் என்று ஆடும் அமெரிக்க ஃபுட்பால். இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்., பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகாத ஒருவரைச் சேர்த்துக்கொள்ளாது. இடையில் ஆட வேறு பெரிய லீக் எதுவும் கிடையாது. ஆகவே தொழில்முறை ஆட்டக்காரராகும் கனவுள்ள பையனுக்குக் கல்லூரி அணிதான் ஏறக்குறைய ஒரே வழி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம் என்றால், கல்லூரி அளவிலேயே இது எவ்வளவு பெரிய ஆட்டம் என்று புரியும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அணி மாறும் கதைகளில் பாதிக்கு மேல் குவார்ட்டர்பேக் பெயராகவே அடிபடும். அதற்குக் காரணம் உண்டு. குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுப்பவர். களத்தில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் அந்த இடத்தில் நிற்க முடியும். மற்ற இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். இந்த இடத்தில் முதல் ஆள் காயம்பட்டால் ஒழிய இரண்டாம் ஆளுக்கு வேலையில்லை. எவ்வளவு திறமை இருந்தாலும் தனக்கு முன்னால் ஒருவர் நின்றுவிட்டால், காத்திருப்பதா, வேறு இடம் தேடுவதா என்ற கேள்வி வந்துவிடும்.

சரி, விதிக்கு வருவோம். இந்த விஷயத்தில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கல்லூரியை விட்டுப் போகலாமா? போன இடத்தில் உடனே ஆடலாமா? மொத்தத்தில் இன்னும் எத்தனை ஆண்டு ஆடலாம்? மூன்றுக்கும் விதிகள் வேறு, அவை மாறிய வரலாறும் வேறு. ஒரு வீரருக்கு முதல் கேள்விக்கு 'ஆம்' என்றும் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் பதில் வரலாம். இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் எந்தச் செய்தியும் புரியாது. விதிகளை வகுப்பது என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு. அமெரிக்கா முழுக்க ஆயிரத்துக்கும் அதிகமான கல்லூரிகள் அதில் உறுப்பினர்கள். அதற்குக் கீழே கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட கான்ஃபரன்ஸ்கள் இருக்கின்றன, எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12 போன்றவை. அவையும் தங்கள் பங்குக்கு விதி போடும்.

ஐந்து ஆண்டுக் கடிகாரம்

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் அதன்மேல்தான் நிற்கின்றன.

பெரிய கல்லூரிகள் அடங்கிய முதல் டிவிஷனில், ஒரு மாணவர் ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஓடத் தொடங்கும். அந்த ஐந்து ஆண்டுக்குள் அதிகபட்சம் நான்கு சீசன் ஆடலாம். கல்லூரி மாறினால் கடிகாரம் நிற்காது, புதிதாகவும் தொடங்காது. ராணுவத்தில் சேவை செய்தவர்கள், தேவாலயத்தின் சார்பில் மதப்பணிக்குப் போனவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. யூட்டா மாநிலத்தில் மார்மன் தேவாலயம் நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழக அணியில் வயதில் மூத்த வீரர்கள் நிறையப் பேர் இருப்பது இதனால்தான்.

ஐந்து ஆண்டில் நான்கு சீசன் என்றால் ஓர் ஆண்டு மிச்சம். அந்த ஆண்டில் வீரர் அணியோடு பயிற்சி செய்வார், படிப்பார், உடலைத் தேற்றிக்கொள்வார், போட்டியில் ஆடமாட்டார். இதைத்தான் ரெட்ஷர்ட் என்கிறார்கள். முன்பு ஒரு சீசனில் ஒரே ஒரு நிமிடம் களமிறங்கினாலும் சீசன் போய்விட்டதாகக் கணக்கு வைப்பார்கள். 2018 முதல், நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் ரெட்ஷர்ட்டைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். நல்ல மாற்றம்தான். அதோடு ஒரு பக்கவிளைவும் வந்தது. நான்கு ஆட்டம் முடிந்ததும், 'எனக்கு வாய்ப்பு சரியாகக் கிடைக்கவில்லை, இந்த ஆண்டைச் சேமித்துக்கொண்டு வேறு கல்லூரிக்குப் போகிறேன்' என்று சீசன் நடுவிலேயே விலகும் வீரர்களை இப்போது பார்க்கிறோம்.

சீசனின் தொடக்கத்திலேயே கடுமையாகக் காயம்பட்டு வெளியேறினால் அந்த ஆண்டைத் திரும்பக் கேட்கலாம். 2020இல் கொரோனா வந்தபோது அந்த சீசனை யாருக்கும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று என்.சி.ஏ.ஏ. முடிவு செய்தது. இந்தச் சலுகைகளெல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு கேம் மெக்கார்மிக் ஓர் உதாரணம். 2016இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். காயம், மீண்டும் காயம், நடுவில் கொரோனா. 2024இல் மயாமி பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது அது அவருக்கு ஒன்பதாவது கல்லூரி சீசன். அவரோடு பள்ளி முடித்தவர்கள் வேலைக்குப் போய் வருடக்கணக்காகியிருக்கும். அத்தனை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் திரும்பி வந்த அந்த மனஉறுதியை நான் மதிக்கிறேன்.

முன்பு எப்படி இருந்தது

அடுத்து, போன இடத்தில் உடனே ஆடலாமா என்ற கேள்வி. பல பத்தாண்டுகளாக இதற்கு இருந்த பதில் ஒன்றுதான்: ஓர் ஆண்டு உட்கார வேண்டும். கோல்ஃப், நீச்சல், டென்னிஸ் போன்ற விளையாட்டுகளில் இருப்பவர்கள் ஒருமுறை தண்டனையின்றி மாறிக்கொள்ளலாம். ஃபுட்பால், கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் ஐஸ் ஹாக்கி ஆடுபவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. புதுக் கல்லூரியில் படிப்பு ஊன்ற நேரம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். நீச்சல் வீரருக்கு அந்த நேரம் ஏன் வேண்டாம் என்ற கேள்விக்குச் சரியான பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பணம் கொழிக்கும் விளையாட்டுகளில் ஆட்கள் இடம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற கவலைதான் அந்த விதியின் அடியில் இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்போதெல்லாம் கேட்காமல் போகவும் முடியாது. ஸ்காலர்ஷிப்பில் இருக்கும் வீரர் வேறு கல்லூரியோடு பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். 'எங்களோடு அடுத்த ஆண்டு மோதும் அணிக்குப் போகாதே' என்று கோச் பட்டியல் போட்டுத் தடுப்பார். அதே கோச் நாளைக்கே அதிகச் சம்பளத்துக்கு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால், ஒரு நாள்கூட உட்கார வேண்டியதில்லை. பதினெட்டு வயதுப் பையன் அந்த கோச்சை நம்பித்தான் அந்தக் கல்லூரியில் சேர்ந்திருப்பான். இந்த அநியாயம்தான் கடைசியில் பழைய விதியின் அடித்தளத்தையே அரித்தது.

மேஃபீல்டின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2013இல் டெக்சஸ் டெக் அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல், தானாக முயன்று இடம்பிடித்தார். அடுத்த ஆண்டு ஓக்லஹோமாவுக்கு மாறினார். இரண்டு கல்லூரிகளும் அப்போது பிக் 12 கான்ஃபரன்ஸில் இருந்தன. ஒரே கான்ஃபரன்ஸுக்குள் மாறினால், உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண்டோடு ஆடும் உரிமையிலும் ஒரு சீசன் கழிந்துவிடும் என்பது பிக் 12 விதி. ஸ்காலர்ஷிப்பே வாங்காத ஒரு மாணவருக்கு ஏன் இந்தத் தண்டனை என்று ஓக்லஹோமா கேட்டது. 2016 ஜூனில் கான்ஃபரன்ஸ் கூடி முதலில் மறுத்தது. அடுத்த நாளே திருத்திய வடிவில் மீண்டும் வாக்கெடுத்து ஒப்புக்கொண்டது. அப்படித் திரும்பக் கிடைத்த சீசன்தான் 2017. அந்த ஆண்டுதான் அவர் ஹைஸ்மன் வாங்கினார்.

அந்தக் காலத்தில் இருந்த ஒரே அகலமான வாசல் பட்டதாரி மாற்றம். நாலு ஆண்டுப் படிப்பை முன்கூட்டியே முடித்து, ஆடும் உரிமை மிச்சமிருந்தால், முதுகலைப் படிப்புக்காக வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து உடனே ஆடலாம். 2011இல் ரசல் வில்சன் நார்த் கரோலைனா ஸ்டேட்டிலிருந்து விஸ்கான்சினுக்குப் போனது இப்படித்தான். 2018இல் ஒஹாயோ ஸ்டேட்டில் இடம் கிடைக்காமல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு (எல்.எஸ்.யு.) போன ஜோ பர்ரோ, 2019 சீசனில் ஹைஸ்மனும் வாங்கி, அணிக்குத் தேசியப் பட்டத்தையும் வாங்கித் தந்தார். படித்து முடித்தவருக்குச் சுதந்திரம் என்ற இந்த விதி எனக்கு இன்றும் பிடித்தமானது.

பட்டம் இல்லாதவர்கள் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அங்கேதான் மனக்கசப்பு ஆரம்பித்தது. 2019இல் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஜார்ஜியாவிலிருந்து ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறி உடனே ஆட அனுமதி பெற்றார். அதே ஜார்ஜியாவிலிருந்து, உடல்நலம் குன்றிய தாத்தாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொந்த மாநிலமான இல்லினாய்க்கு வந்த லூக் ஃபோர்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. வீட்டிலிருந்து 100 மைலுக்குள் இருக்கும் கல்லூரியாக இருக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் அவருக்குக் குறுக்கே வந்தது. ஒரே அணியிலிருந்து ஒரே ஆண்டில் வெளியேறிய இருவர். ஒருவருக்குக் கதவு திறந்தது, ஒருவருக்கு மூடியது. இதை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விதியின்மேல் எப்படி நம்பிக்கை வரும்?

போர்ட்டல் வந்தது

2018 அக்டோபர் 15 அன்று டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் தொடங்கியது. பெரிய சந்தை போலப் பேசப்பட்டாலும் அது ஓர் இணையப் பதிவேடு, அவ்வளவுதான். மாற விரும்பும் வீரர் தன் கல்லூரியில் விதிமுறைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பார். இரண்டு வேலை நாளுக்குள் அவர் பெயரை அவர்கள் ஏற்றியாக வேண்டும். பெயர் ஏறிவிட்டால் எந்தக் கல்லூரியும் அவரோடு பேசலாம். அனுமதி கேட்பது என்ற கட்டம் இல்லாமலே போனது. இப்போது தகவல் சொன்னால் போதும். பெயர் ஏறுவதற்கு முன்னால் வேறு கல்லூரி கோச் அவரோடு பேசுவது விதிமீறல். அது பரவலாக நடக்கிறது என்று கோச்சுகளே வெளிப்படையாகப் புலம்புகிறார்கள்.

போர்ட்டலில் பெயர் கொடுத்தவர் மனம் மாறித் திரும்பவும் செய்யலாம். ஆனால் பழைய கல்லூரி அவரை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நடப்புப் பருவம் முடிந்ததும் அவருடைய ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை வேறொருவருக்குத் தரலாம். இதைப் பெற்றோர்களும் பிள்ளைகளும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹைஸ்மன் வாங்கியவர்களின் கதைதான் தொலைக்காட்சியில் வரும். பெயர் கொடுத்துவிட்டு எந்த அழைப்பும் வராமல், சிறிய கல்லூரிக்கு இறங்கிப் போகிறவர்களும், ஆட்டத்தையே விடுகிறவர்களும் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

போர்ட்டல் போகும் வழியை எளிதாக்கியதே தவிர, ஓர் ஆண்டு உட்காரும் விதியைத் தொடவில்லை. அதை உடைத்தது 2021 ஏப்ரலில் வந்த மாற்றம். ஃபுட்பால் உட்பட எல்லா விளையாட்டிலும் ஒருமுறை மாறி உடனே ஆடலாம் என்றார்கள். அந்த நவம்பரில் ஓக்லஹோமாவின் கோச் லிங்கன் ரைலி அங்கிருந்து கிளம்பி தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். சில மாதத்தில் அவருடைய குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். பழைய விதி இருந்திருந்தால் 2022 சீசன் முழுக்க வில்லியம்ஸ் ஓரத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். விதி மாறியிருந்ததால் ஆடினார், ஹைஸ்மன் வாங்கினார்.

ஒருமுறை சரி, இரண்டாம் முறை? அதற்கு மீண்டும் விலக்கு கேட்க வேண்டும். 2023இல் டெவான்டெஸ் வாக்கருக்கு நடந்தது பலரைக் கொதிக்க வைத்தது. நார்த் கரோலைனா சென்ட்ரலில் இருந்தார். கொரோனாவால் அங்கே 2020 சீசனே நடக்கவில்லை. பிறகு ஒஹாயோவில் உள்ள கென்ட் ஸ்டேட்டுக்குப் போய் ஆடினார். பாட்டிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சொந்த மாநிலத்தின் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். ஓர் ஆட்டம்கூட ஆடாத கல்லூரியையும் கணக்கில் சேர்த்து, 'நீ இரண்டு முறை மாறியவன்' என்று என்.சி.ஏ.ஏ. தடை போட்டது. கோச் மேக் பிரவுன் பகிரங்கமாகக் கோபப்பட்டார், மாநில அரசியல் தலைவர்கள் குரல் கொடுத்தார்கள். புதிய தகவல் கிடைத்தது என்று சொல்லி அக்டோபர் 5 அன்று தடையை விலக்கினார்கள். அதற்குள் சீசனின் முதல் நான்கு ஆட்டங்கள் போய்விட்டன.

அந்த டிசம்பரில் ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா உட்பட ஏழு மாநிலங்கள் என்.சி.ஏ.ஏ. மீது வழக்குப் போட்டன. தொழில் போட்டியைத் தடுக்கும் செயல்களுக்கு எதிரான சட்டத்தை இந்த விதி மீறுகிறது என்பது வாதம். டிசம்பர் 13 அன்று நீதிபதி ஜான் பிரஸ்டன் பெய்லி அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்தார். அப்புறம் மத்திய நீதித்துறையும் மாநிலங்களோடு சேர்ந்துகொண்டது. 2024 ஏப்ரலில் என்.சி.ஏ.ஏ. தானே விதியைத் திருத்தியது. இப்போது ஒரு வீரர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். ஒவ்வொரு முறையும் உடனே ஆடலாம். நிபந்தனை ஒன்றே: படிப்பில் தகுதி இருக்க வேண்டும்.

இப்போது தடுப்பது மதிப்பெண்ணும் தேதியும்

இந்த நிபந்தனையைச் செய்தித்தாள்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். இன்றைய விதியின் பாரம் முழுவதும் அதன்மேல்தான் இருக்கிறது.

ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 6 கிரெடிட் தேற வேண்டும். ஃபுட்பால்காரர்கள் ஆட்டம் நடக்கும் இலையுதிர் பருவத்தில் 9 கிரெடிட் தேற வேண்டும். தவறினால் அடுத்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களை இழக்க நேரிடும், அதை ஈடுகட்ட ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். முதல் ஆண்டு முடிவில் 24 கிரெடிட். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது எடுத்திருக்கும் பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80. பழைய கல்லூரியிலிருந்து வெளியேறும்போது படிப்புத் தகுதியோடு வெளியேற வேண்டும், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் மேலே இருக்கக் கூடாது.

கல்லூரி மாறுபவருக்கு இதில் எங்கே சிக்கல் என்றால், சதவீதத்தைப் புதுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மூன்று ஆண்டு முடித்த ஒரு வீரரிடம் 80 கிரெடிட் இருக்கிறது. பட்டத்துக்கு 120 வேண்டும். பழைய கல்லூரியில் அவர் 66 சதவீதம் முடித்தவர், எந்தப் பிரச்சினையும் இல்லை. புதுப் பல்கலைக்கழகம் அவருடைய பாடங்களைப் பார்த்துவிட்டு 62 கிரெடிட்டைத்தான் தன் பொறியியல் பட்டத்துக்கு ஏற்கிறது. 62 என்றால் 52 சதவீதம் கூட இல்லை. தேவை 72 கிரெடிட். நம் கல்லூரிகளில் அரியர் வைத்தவர் படும் பாடுதான், ஆனால் இவர் எல்லாப் பாடத்திலும் தேறியவர். இப்போது அவருக்கு இரண்டு வழி. கோடையில் கூடுதல் பாடம் எடுத்து எட்டிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கைவசம் உள்ள கிரெடிட் அதிகம் செல்லுபடியாகும் ஏதோ ஒரு எளிய பட்டப்படிப்புக்கு மாற வேண்டும். நிறையப் பேர் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள். மூன்று, நான்கு கல்லூரி மாறிய ஒரு வீரர் ஒவ்வொரு முறையும் சில கிரெடிட்டைத் தொலைத்துக்கொண்டே போகிறார். மாறும் சுதந்திரத்தை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஃபுட்பாலில் தொழில்முறைக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்குக் கடைசியில் கையில் மிஞ்ச வேண்டியது அந்தப் பட்டம்தான். மாறுவதற்கு முன், 'உங்கள் அணியில் எனக்கு எந்த இடம்' என்று கேட்கும் அதே தொலைபேசி அழைப்பில், 'என் கிரெடிட்டில் எத்தனை ஏற்பீர்கள்' என்றும் கேட்க வேண்டும். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களுக்கு இந்தச் சதவீதக் கணக்கு இல்லை. முதுகலைப் படிப்பில் சேர்ந்தால் போதும்.

அடுத்தது தேதி. முதலில் ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் போர்ட்டலில் பெயர் கொடுக்கலாம் என்றிருந்தது. 2022இல் அதற்குக் காலக்கெடு கொண்டுவந்தார்கள்: குளிர்காலத்தில் ஒரு தவணை, வசந்தத்தில் ஒரு தவணை, மொத்தம் 60 நாள். 2024இல் அது 30 நாளாகக் குறைந்தது. 2025இல் வசந்தத் தவணையை அடியோடு எடுத்துவிட்டு, 2026 ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே தவணை என்று வைத்தார்கள். தேசிய இறுதிப் போட்டி ஆடும் அணிகளின் வீரர்களுக்கு அதற்குப் பிறகு சில நாள் தனியாக உண்டு. தலைமை கோச் மாறினால் அந்த அணி வீரர்களுக்குத் தனி அவகாசமும் உண்டு.

ஏன் ஜனவரி? ஃபுட்பால் ஆட்டம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜனவரியில் முடிகிறது. கல்லூரிகளில் இரண்டாம் பருவம் ஜனவரியில் தொடங்கும். அப்போது சேர்ந்தால்தான் வசந்தகாலப் பயிற்சியில் புது அணியோடு பழக முடியும். டிசம்பரில் தவணை இருந்தபோது, முக்கியமான ஆட்டங்களுக்கு முன்னாலேயே வீரர்கள் கிளம்பிவிட, அணிகள் பாதி ஆளோடு ஆட வேண்டியதாயிற்று. தவணை என்பது பெயர் கொடுப்பதற்கு மட்டும்தான். எந்தக் கல்லூரி என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

போர்ட்டலில் பெயரே ஏறாமல் போனால்? 2024 டிசம்பரில் விஸ்கான்சின் அணியின் சேவியர் லூகஸ் மாற விரும்பினார். கல்லூரி தன் வருமானத்தில் வீரருக்குப் பங்கு தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார் என்று சொல்லி, விஸ்கான்சின் அவர் பெயரை ஏற்ற மறுத்தது. 2025 ஜனவரியில் அவர் சாதாரண மாணவர் போலக் கல்லூரியிலிருந்து விலகி மயாமியில் சேர்ந்து, அந்த ஆண்டே ஆடினார். மயாமி மீது விஸ்கான்சின் வழக்குப் போட்டது. கல்லூரி மாறுவதை எந்த விளையாட்டு அமைப்பாலும் தடுக்க முடியாது, ஆடுவதை மட்டும்தான் தடுக்க முடியும் என்ற அடிப்படை உண்மை அங்கே வெளிச்சத்துக்கு வந்தது.

பணத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட வழக்கில் எட்டிய சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. பணம் வாங்குவதோ வாங்காததோ ஆடும் தகுதியை மாற்றாது. மாறும் காரணத்தைத்தான் மாற்றுகிறது.

கடிகாரத்துக்கே ஒரு வழக்கு

யார் போகலாம், யார் உடனே ஆடலாம் என்ற இரண்டு கேள்வியும் ஓரளவு அடங்கிவிட்டன. இப்போது நீதிமன்றங்களில் ஓடுவது ஐந்து ஆண்டுக் கடிகாரம். அதன் நடுவில் இருக்கும் பெயர் டியகோ பவியா. பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடாததால் நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிட்யூட் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடத் தொடங்கினார். அங்கிருந்து நியூ மெக்சிகோ ஸ்டேட், பிறகு வாண்டர்பில்ட். என்.சி.ஏ.ஏ. விதிப்படி இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய சீசனும் நான்கில் சேரும். அந்தக் கல்லூரி என்.சி.ஏ.ஏ. உறுப்பினரே இல்லை, அங்கே விளம்பர வருமானத்துக்கும் வழியில்லை, பிறகு ஏன் என் கணக்கில் எழுதுகிறீர்கள் என்று கேட்டு வழக்குப் போட்டார். 2024 டிசம்பர் 18 அன்று நாஷ்வில் நீதிபதி வில்லியம் கேம்பல் அவருக்குச் சாதகமாகத் தடையாணை தந்தார். அவரைப் போன்ற நிலையில் இருந்த மற்ற வீரர்களுக்கும் 2025 சீசனில் ஆட என்.சி.ஏ.ஏ. விலக்கு அளித்தது.

பவியா அந்த சீசனை ஆடினார். ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார். முதலிடம், கலிஃபோர்னியாவிலிருந்து இந்தியானாவுக்கு மாறிய மெண்டோசாவுக்கு. பவியாவைப் பின்பற்றிப் பல வீரர்கள் வெவ்வேறு மாநிலங்களில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். சில நீதிபதிகள் ஆட அனுமதிக்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். எனவே ஒரு வீரருக்கு இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்று நீங்கள் எங்காவது படித்தால், அவர் எந்த ஆண்டு முதன்முதலில் கல்லூரியில் சேர்ந்தார், நான்கு ஆட்டத்துக்கு மேல் எத்தனை சீசன் ஆடினார், இரண்டாண்டுக் கல்லூரியில் இருந்தாரா, அவர் பெயரில் ஏதாவது தடையாணை உண்டா என்ற நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.